நிற்காத லாரி நின்றது ஏன்?

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஷைஜாவின் வீட்டு முற்றத்தில், அயினி மரத்தடியில், ஏழு மாதமாக ஒரு லாரி சும்மா நின்றது. அவளுடைய அப்பா ஜெபதாஸ் அதில் வாழைத்தாரும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். இப்போது ஒரு கல்லூரி பஸ்ஸுக்கு டிரைவராகிவிட்டார். அதனால் லாரியை விற்றுவிட முடிவு செய்தார்.

வாங்குவதற்கு அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். பெரிய மீசை, மடித்துக் கட்டிய சாரம், தோளில் சிவப்புத் துண்டு. லாரிக்காரர் இப்படித்தான் இருப்பார் என்று ஷைஜா நினைத்திருந்தாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியது ஒரு பெண். அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. அதைக் கீழே வைத்தபோது உள்ளே இருந்த ஸ்பேனர்கள் கலகலவென்று சத்தம் போட்டன.

“டிரைவர் எப்ப வருவாரு?” என்று கேட்டாள் ஷைஜா.

“வந்தாச்சு கண்ணு.”

ஷைஜா ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

“எங்க?”

“உன்ற முன்னாலதான் நிக்கறேன். நீ ஆட்டோவுக்குள்ள தேடுற,” என்று அந்தப் பெண் சிரித்தார்.

அவர் பெயர் ரத்தினம். அப்பாவை ‘அண்ணா’ என்று கூப்பிட்டார். “அப்படின்னா எங்க ஊர்ல நீங்க எனக்கு மாமி,” என்றாள் ஷைஜா. “எங்க ஊர்ல அத்தை. பரவால்ல, உங்க ஊருக்கு வந்துட்டேன், மாமியே இருக்கட்டும்,” என்றார் அவர்.

அம்மா லீலாபாய் வாசலுக்கு வந்தாள். “வாங்க, வாங்க. இவ்வளவு தூரம் ரயில்ல வந்திருக்கிய. கொஞ்சம் வெள்ளம் குடிக்கியளா?”

ரத்தினம் வானத்தைப் பார்த்தார். “வெள்ளமுங்களா? மழையே காணோமேங்க்கா.”

ஷைஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “வெள்ளம்னா தண்ணி, மாமி.”

“அட. எங்கூர்ல வெள்ளம்னா வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடுவோம். நீங்க சொம்புல தர்றீங்க.”

அப்பாவும் ரத்தினமும் நாகர்கோவிலுக்குப் போய்ப் பேப்பர் வேலைகளை முடித்தார்கள். புதன்கிழமை மத்தியானம் லாரி ரத்தினத்தினுடையதாகிவிட்டது. ஆனால் வாங்கிய உடனே ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. ரத்தினத்தின் ஊர் பர்கூர் மலைமேல் இருந்தது. கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீட்டர் போய், அதற்கப்புறம் வளைந்து வளைந்து மலை ஏற வேண்டும். ஏழு மாதம் தூங்கிய வண்டியை முதலில் தயார் செய்ய வேண்டும்.

“சனிக்கிழமை விடியக்காலம் கெளம்பியாகோணும்,” என்றார் ரத்தினம். “என்ற பழைய வண்டி போன மாசமே படுத்துருச்சு. மலையில வெளைஞ்ச அவரைக்காய் மூணு வாரமா சந்தைக்கு எறங்கல. இந்தத் திங்கள் சந்தைக்கு வண்டி வரும்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“திங்கள்சந்தையா? அது இங்க பக்கத்துலதான், மாமி. பஸ்ஸே உண்டு,” என்றாள் ஷைஜா.

“அது ஊர் பேரு மக்கா. இவங்க சொல்லுகது திங்கக்கிழமை கூடுற சந்தை,” என்றார் அப்பா.

அரை நிமிடம் யோசித்துவிட்டு, “அப்ப இங்கேயே வித்துட்டா நல்லாருக்கும்,” என்றாள் ஷைஜா.

காலாண்டுத் தேர்வு விடுமுறை. ஷைஜாவுக்கு வேறு வேலை எதுவும் இல்லை. ரத்தினம் எங்கே போனாலும் பின்னாலேயே போனாள். ரத்தினம் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி அவளிடம் கொடுத்தார். முடிந்த வேலையைக் கோடு போட்டு அடிப்பது ஷைஜாவின் பொறுப்பு.

ஆனால் ஒவ்வொன்றையும் அடிப்பதற்கு முன் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

“டயரை ஏன் கம்பியால தட்டுறிய?”

“காத்து இருந்தா ‘டங்’குனு கேக்கும். கொறைஞ்சிருந்தா ‘பொத்’துனு கேக்கும். தட்டிப் பாரு.”

ஷைஜா ஆறு சக்கரங்களையும் தட்டினாள். பின்னால் உள்ளேயிருந்த ஒன்று மட்டும் ‘பொத்’ என்றது. அதில் ஓர் ஆணி இருந்தது. அதைக் கண்டுபிடித்தது தானே என்பதால் அட்டையில் அந்த வரியை இரண்டு முறை அடித்தாள்.

பேட்டரி புதிதாக வந்தது. ஆயில் மாற்றினார்கள். விரிசல் விட்டிருந்த பெல்ட்டைக் கழற்றிப் புதிது போட்டார்கள். ஒரு விளக்கு எரியவில்லை, பல்பை மாற்றினார்கள். தார்பாயை விரித்தபோது உள்ளேயிருந்து ஒரு பல்லி ஓடி, ரத்தினத்தின் சட்டைமேல் ஏறி இறங்கியது. மலைப்பாதையில் லாரி ஓட்டும் ரத்தினம் மாமி முற்றத்தில் குதித்த குதி, ஷைஜாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசியாக ரத்தினம் தன் பையிலிருந்து ஒரு புது மூடியை எடுத்தார். அதில் சாவித் துவாரம் இருந்தது.

“டீசல் டேங்குக்குப் பூட்டா?” என்றாள் ஷைஜா.

“வழியில ஓரங்கட்டிக் கண்ணசந்தா, டேங்கைத் தொறந்து டீசலை உறிஞ்சிட்டுப் போயிருவாங்க கண்ணு. உங்கப்பாவோட பழைய மூடி லொடலொடன்னு ஆடுது. இது கச்சுனு உக்காந்துக்கும்.”

அவர் சாவியைத் திருப்பினார். மூடி இறுக்கமாக உட்கார்ந்தது.

“சரி, இப்ப நான் ஒண்ணு கேக்கறேன்,” என்றார் ரத்தினம். “உனக்கு இந்த வண்டி சின்னதுல இருந்தே பழக்கம். இதுகிட்ட இருக்கற கொறையெல்லாம் சொல்லு.”

ஷைஜா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். “இடது கதவு உள்ளேருந்து தொறக்காது. கிளீனர் சீட்டுல ஒரு ஸ்பிரிங் குத்தும். டீசல் முள் வேலை செய்யாது, எப்பவும் பாதியே காட்டும். குச்சி விட்டுத்தான் பாக்கணும். மழையில ஹாரன் ஒரு மாதிரி அழும். அப்புறம்…”

அப்பா தொண்டையைச் செருமினார். “நல்ல காலம் தங்கச்சி, வண்டி விக்கதுக்கு முன்னால இவகிட்ட நீங்க கேக்கல.”

“இன்னும் உண்டுப்பா. ரிவர்ஸ் கியரைச் சொல்லவா?”

“எல்லாம் சொன்னாளே, அது போதும்,” என்று ரத்தினம் சிரித்தார்.

வியாழக்கிழமை அப்பா காலை பஸ் வேலை முடிந்து பத்தரை மணிக்கு வந்தார். மூன்று பேரும் லாரியில் ஏறினார்கள். மலை ஏறுமா என்று பார்க்க, தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறை வரை போய்விட்டுத் திரும்புவது என்று திட்டம். அங்கே நல்ல ஏற்றம் உண்டு.

ரத்தினம் ஓட்டினார். வயல்கள் பின்னால் போயின. லாரி நன்றாக ஓடியது. ஷைஜா ஸ்பிரிங் குத்தாதபடி ஓரமாக உட்கார்ந்து, வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கை காட்டினாள்.

இருபது நிமிடம் போயிருக்கும். எஞ்சின் சத்தம் மெலிந்தது. வண்டி இருமியது. பிறகு ரோட்டோரம் போய் நின்றுவிட்டது.

“டீசல் தீந்துருச்சோ?” ரத்தினம் இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி முக்கால்வாசி நனைந்து வந்தது. மூடியைப் பூட்டிவிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினார். மூன்றாவது தடவையில் எஞ்சின் எதுவுமே நடக்காததுபோல ஓட ஆரம்பித்தது.

“நாள்பட நின்ன வண்டி, கொஞ்சம் கோவிக்கும்,” என்றார் அப்பா.

ஆனால் ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில், ஏற்றத்தின் நடுவில், அது மறுபடி நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அப்பா குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். ரத்தினத்தின் முகம் வெளுத்துப் போயிருந்தது. இறங்கி மறுபடியும் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். டீசல் இருந்தது. மறுபடி சாவி போட்டதும் வண்டி ஓடியது.

கீரிப்பாறை போகாமலேயே திரும்பினார்கள்.

மெக்கானிக் ஸ்டெனிக்குத் திட்டுவிளையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். அவர் வந்து டீசல் பில்டரை மாற்றினார். டேங்கைத் திறந்து, குழாயில் இருந்த காற்றை எடுத்தார். முற்றத்திலேயே ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். அது நிற்கவே இல்லை.

“அவ்வளவுதான். காத்து பிடிச்சிருக்கு,” என்று டேங்க் மூடியைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் திரும்பவும் போனார்கள். இந்தத் தடவை ஸ்டெனியும் வந்தார். இருபது நிமிடத்தில் லாரி அதே மாதிரி இருமியது. அதே மாதிரி நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெனி தலையைச் சொறிந்தார். “பம்புல கோளாறா இருக்கும். கழட்டி நாகர்கோவிலுக்குக் குடுத்து விடணும். நாலஞ்சு நாளாகும்.”

“நாளைக்கு நான் கெளம்போணும்,” என்றார் ரத்தினம்.

ரத்தினம் கொஞ்ச நேரம் லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்தக் கோளாறு உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?”

அப்பாவின் முகம் மாறியது. கோபம் வந்தால் அப்பா சத்தம் போடுவார். இப்போது சத்தம் போடவில்லை. அதுதான் ஷைஜாவுக்குப் பயமாக இருந்தது.

“இந்த வண்டி என்னைய ஒரு நாளும் வழியில நிப்பாட்டினதில்ல, தங்கச்சி,” என்றார். “நம்ப முடியலன்னா வேண்டாம். நீங்க ஊருக்குப் போங்க. வண்டிய நானே திரும்ப எடுத்துக்கிடுகேன்.”

“அப்ப சாயந்தர ரயிலுக்கே போயிக்கறனுங்க.”

மத்தியானம் அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள். எல்லாரும் குனிந்து சாப்பிட்டார்கள். அப்பா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிவிட்டு, பஸ்ஸை எடுக்கப் போய்விட்டார். ரத்தினம் உள் அறையில் பையை அடுக்கத் தொடங்கினார். ஷைஜா கதவோரம் போய் நின்றாள்.

“மாமி, அப்பா பொய் சொல்ல மாட்டாரு.”

ரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். “அத்தனை கொறையும் ஒண்ணுவிடாமச் சொன்னியே கண்ணு. இதை மட்டும் ஏன் சொல்லல?”

“இது இருந்திருந்தா இதைத்தான் மொதல்ல சொல்லியிருப்பேன்.”

ரத்தினம் கையில் எடுத்த சேலையைப் பையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஷைஜா லாரிக்குப் போய், கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்பிரிங் குத்தியது. அவள் நகரவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால்வரை நிற்காத வண்டி இப்போது ஏன் நிற்கிறது? நின்றால் நின்றதுதானே. எப்படித் திரும்ப ஓடுகிறது? பம்பு கெட்டுவிட்டது என்றால், ஐந்து நிமிடத்தில் தானாகவே எப்படிச் சரியாகும்?

அவள் நேற்றும் இன்றும் நடந்ததை ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தாள். வண்டி நிற்கும். மாமி இறங்குவார். சாவி போட்டு மூடியைத் திறப்பார். அப்போது… ஆம், அப்போது ஒரு சத்தம். சோடா பாட்டிலைத் திறந்தால் வருவதுபோல, ‘உஸ்ஸ்’ என்று. குச்சி விடுவார். மூடுவார். வண்டி ஓடும்.

முற்றத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியதே, அப்போது? ஸ்டெனி அண்ணன் மூடியைத் திறந்துதான் வைத்திருந்தார். அவர் கிளம்பும்போதுதான் பூட்டினார். ஷைஜாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திறந்த டேங்குக்குள் எட்டிப் பார்த்ததற்காக அவரிடம் திட்டு வாங்கியிருந்தாள்.

மூடி திறந்திருந்தால் ஓடுகிறது. மூடி பூட்டியிருந்தால் நிற்கிறது. ஆனால் ஏன்?

“ஏட்டி ஷைஜா, இங்க வா. டின்னைக் கொஞ்சம் பிடி,” என்று அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

புதுத் தேங்காயெண்ணெய் டின். அம்மா மூலையில் ஆணியை வைத்து, அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினாள். டின்னைச் சாய்த்தாள். எண்ணெய் ‘களக், களக்’ என்று வந்தது. பிறகு நின்றது. ஒரு சொட்டு விழுந்தது. அதற்குமேல் வரவில்லை.

“நிறைய இருக்கு, ஏன்மா வரல?”

“ஒரு ஓட்டை போட்டா எப்படி வரும்? எண்ணெய் வெளிய வரணும்னா காத்து உள்ள போகணும்லா.” அம்மா எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டாள். இப்போது எண்ணெய் கயிறுபோல ஒரே சீராக விழுந்தது.

ஷைஜா டின்னை விட்டுவிட்டாள். நல்லவேளை, அம்மாவின் ஒரு கை அதில் இருந்தது.

“ஏட்டி, எண்ணெய்!”

ஷைஜா அதற்குள் முற்றத்தில் இருந்தாள். ஸ்டெனி பம்பைக் கழற்றுவதற்காகச் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஸ்டெனி அண்ணா, டீசல் டேங்குல ரெண்டாவது ஓட்டை எங்க இருக்கு?”

“ரெண்டாவது ஓட்டையா? எதுக்கு? இருக்குற டீசல் எல்லாம் ஒழுகுறதுக்கா?” அவர் சிரித்தார்.

“இல்ல. காத்து உள்ள போறதுக்கு. டீசல் வெளிய போகப் போக உள்ள காத்து போகணும்லா? இல்லேன்னா எண்ணெய் டின் மாதிரி நின்னுரும். மாமி மூடியத் தொறக்கும்போது ‘உஸ்ஸ்’னு கேட்டுச்சு. தொறந்தா ஓடுது. பூட்டினா இருபது நிமிசத்துல நிக்குது.”

ஸ்டெனியின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவர் ஷைஜாவைப் பார்த்தார். டேங்கைப் பார்த்தார். பிறகு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே போனார். சத்தம் கேட்டு ரத்தினமும் வெளியே வந்தார்.

“ஷைஜா,” என்றார் ஸ்டெனி அடியிலிருந்து. “இங்க வந்து பாரு.”

அவள் குனிந்து தவழ்ந்து போனாள். டேங்கின் தலையிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாய் வளைந்து கீழே வந்தது. அதன் வாய் முழுவதும் மண். லாரிக்கு அடியில் எல்லா இடத்திலும் மண் ஒட்டியிருந்ததால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் இந்த மண் மட்டும் யாரோ விரலால் பூசியதுபோல வழவழவென்று இருந்தது.

“இதுதான் டேங்க் மூச்சு விடுற குழாய். குளவி கூடு கட்டியிருக்கு,” என்றார் ஸ்டெனி. “ஏழு மாசமா ஆடாம அசையாம நின்ன வண்டி. அதுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காதே.”

“அப்ப எனக்கு ஒண்ணு புரியுது,” என்று ரத்தினம் மெதுவாகச் சொன்னார். “பழைய மூடி ஆடுச்சில்ல? அதே இருந்திருந்தா அந்த இடுக்கு வழியாவாச்சும் காத்து போயிருக்கும். நான்தான் இறுக்கமா ஒரு பூட்டு மூடியக் கொண்டாந்து மாட்டினேன். நானே அது மூக்கைப் பொத்திப் போட்டேன்.”

ஸ்டெனி ஒரு சைக்கிள் கம்பியை எடுத்தார். “நான் செய்யுகேன்,” என்றாள் ஷைஜா. கம்பியை மெல்ல உள்ளே விட்டுச் சுரண்டினாள். மண் பொடிப்பொடியாக விழுந்தது. அதோடு வற்றிப்போன சின்னச் சிலந்திகள் விழுந்தன. நெல்மணி அளவில் பழுப்பாக இரண்டு கூடுகளும் விழுந்தன.

“இது என்ன?”

“குளவிக் குஞ்சு உள்ள தூங்குது. அந்தச் சிலந்தியெல்லாம் அதுக்குச் சாப்பாடு,” என்றார் ஸ்டெனி.

ஷைஜா அந்த இரண்டையும் ஓர் அயினி இலையில் எடுத்து, மழை படாமல் மதில் இடுக்கில் வைத்தாள். வீட்டை இடித்தாகிவிட்டது, அதுகளையாவது பத்திரமாக வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

ரத்தினம் அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தார். பிறகு டேங்க் மூடியைக் கச்சென்று பூட்டினார். சாவியை இழுத்துப் பார்த்தார்.

“ஏறு கண்ணு. ஸ்டெனி தம்பி, நீங்களும் ஏறுங்க. கீரிப்பாறைக்குப் போலாம்.”

“மாமி, ரயிலு?”

“அது தெனமும் போகும்.”

இருபது நிமிடம் ஆனது. மூன்று பேரும் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து நிமிடம். ரப்பர் மரங்கள் வந்தன. ஏற்றம் வந்தது. நேற்று அப்பா கல் வைத்த இடமும் வந்தது. லாரி உறுமிக்கொண்டே அதைத் தாண்டியது. ஷைஜா பிடித்துவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

கீரிப்பாறையில் ஒரு டீக்கடை இருந்தது. ரத்தினம் எஞ்சினை அணைக்காமலேயே மூன்று பேருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தார்.

மாலை ஆறு மணிக்கு அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். அயினி மரத்தடியில் லாரி இல்லை. அது நின்ற இடத்தில் புல் முளைக்காத ஒரு நீளச் சதுரம் மட்டும் இருந்தது. அப்பா ஒன்றும் புரியாமல் அதன் நடுவில் போய் நின்றார்.

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. ரத்தினம் லாரியை உள்ளே கொண்டு வந்து நிறுத்தினார். இடது கதவு உள்ளிருந்து திறக்காததால், ஷைஜா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அப்பா, கீரிப்பாறை வரைக்கும் போய்ட்டு வந்தோம். ஒரு தடவகூட நிக்கல. குளவிதான் கூடு கட்டியிருந்துச்சு.”

அப்பாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. ஸ்டெனி இறங்கி வந்து, குழாய், மூடி, எண்ணெய் டின் என்று எல்லாவற்றையும் சொன்னார். “எனக்கே தோணல, அண்ணாச்சி. நான் பம்பைக் கழட்டியிருப்பேன். கழட்டியும் வண்டி நின்னிருக்கும்,” என்றார்.

ரத்தினம் அப்பாவின் எதிரில் வந்து நின்றார்.

“அண்ணா, உங்களைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

அப்பா லாரியின் முன்பக்கத்தைக் கையால் தடவினார். “நானும் அப்படி வெடுக்குனு சொல்லியிருக்கப்பிடாது. மலையில வண்டி நின்னா பயம் வரத்தானே செய்யும்,” என்றார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, “லீலா, மத்தியானத்து மீன்குழம்பு மிச்சம் இருக்கா? எனக்குப் பசிக்கி,” என்றார்.

“இருக்கு. ஆனா எண்ணெய் கொட்டின தரைய யாரு துடைக்கிறது?” என்றாள் அம்மா உள்ளிருந்து.

ஷைஜா ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு போனாள். ரத்தினமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூடவே போனார்.

சனிக்கிழமை விடிந்ததும் லாரி கிளம்பியது. அம்மா புளிச்சோறும், ஒரு சீப்பு மட்டிப்பழமும், இரண்டு பெரிய பாட்டில் வெள்ளமும் கொடுத்தாள். தெருமுனை வரை ஷைஜா கூடவே ஓடினாள். லாரி திரும்பி மறைந்த பிறகும் அதன் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

இரவு எட்டு மணிக்கு ரத்தினம் அந்தியூரிலிருந்து போன் செய்தார். வழியெல்லாம் வண்டி நன்றாக ஓடியதாகச் சொன்னார். இருட்டில் மலை ஏறப் போவதில்லை, காலையில்தான் ஏறுவேன் என்றார்.

அதுதான் பெரிய பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோதும் ஷைஜாவின் மனம் அந்த மலையில்தான் இருந்தது. கொண்டை ஊசி வளைவு எப்படி இருக்கும்? லாரி அதில் எப்படித் திரும்பும்?

போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அப்பாவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் கடைசி வரிசையிலிருந்து பூனைபோல எழுந்து வெளியே போனார். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஷைஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மேல ஏறியாச்சாம்,” என்றார், உதடு அசையாமல்.

அம்மா திரும்பி முறைத்தாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

ஷைஜாவால் பொறுக்க முடியவில்லை. “நிக்காமலா?” என்று கிசுகிசுத்தாள்.

“ஒரே ஒரு தடவ நின்னுச்சாம்.”

அவள் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏன்? மறுபடியும் காத்து போகலையா?”

“அதில்ல மக்கா. ரோட்டுல யானை. அது போறது வரைக்கும் வண்டிய நிப்பாட்டிப் போட்டிருந்தாளாம்.”

ஷைஜா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் தோள்கள் குலுங்கின. அம்மா நேராக நிமிர்ந்து, கொஞ்ச நேரம் போதகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக இந்தப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

“எத்தன யானையாம்?” என்று கேட்டாள்.